மடைப்பள்ளிப் படிக்கட்டு: திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

செங்கோட்டைப் பக்கம் சாரல் பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று எடுத்த மடைப்பள்ளிப் படிக்கட்டு வேலை நிறைவேறிவிட்டது. கீழே மடைப்பள்ளி, மேலே அன்னதானக் கூடம், இடையே 3.60 மீட்டர் ஏற்றம். அண்டாவும் சாதக் கூடையும் போக வேறு வழி கிடையாது. பந்திக்கு வருகிறவர்களைவிடப் பரிமாறுகிறவர்களே இதில் அதிகம் ஏறி இறங்குவதால், வேலைத்தலப் படிக்கட்டு என்றே கொண்டு அளவு குறித்தோம்.

பழையதை உடைக்காமல் மேலே கான்கிரீட் போட்டால் போதாதா என்று உறுப்பினர்கள் கேட்டிருந்தீர்கள். பழைய 18 ஏற்றங்களில் (ஏற்றம் என்பது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள உயரம்) ஒன்று 17 செ.மீ., அடுத்தது 23 செ.மீ. என்று இருந்தது. எல்லாப் படியிலும் 5 செ.மீ. பூசினாலும் நடுவிலுள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். முதல் ஏற்றம் 5 செ.மீ. கூடும், கடைசி ஏற்றம் அதே அளவு குறையும். இரண்டு படி ஏறியதுமே கால் உயரத்தைப் பழகிக்கொள்கிறது, பிறகு கண் கீழே பார்ப்பதில்லை. சுமை இருந்தால் பார்க்கவும் முடியாது. அரை அங்குல வித்தியாசமே இடறப் போதும். அதனால்தான் முழுவதும் இடித்தோம்.

புதிய கட்டில் 24 ஏற்றம், ஒவ்வொன்றும் 15 செ.மீ.; மிதி, அதாவது கால் வைக்கும் இடத்தின் அகலம், 30 செ.மீ. உயரத்தை இரட்டித்து மிதியைக் கூட்டினால் 60. நடைக்கு இசைவான கணக்கு 60 முதல் 63 வரை. வீடல்லாத கட்டடங்களுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கேட்பதும் இதே அளவுதான். இடைவெளியின்றித் தொடரும் ஏற்றங்களின் எண்ணிக்கைக்கும் அது வரம்பு வைக்கிறது. எனவே 12 ஏறியதும் நின்று இளைப்பாற ஒரு சமதளம், மறுபடி 12. இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம்: மிதி குறுகினால் முன்பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கிவிடும்.

பாலிஷ் கருங்கல் விலை குறைவாக வந்தது. கஞ்சியோ எண்ணெயோ சிந்தினால் அதில் நிற்கவே முடியாது என்பதால் மேற்பரப்பைச் சொரசொரப்பாகக் கொத்திய கொத்துவேலைக் கல் எடுத்தோம். கொத்து ஆழமானால் வெறுங்காலை உறுத்தும், குழியில் பருக்கை தங்கும். ஆகவே மேலாக, நெருக்கமாகக் கொத்தச் சொன்னோம். தண்ணீர் நிற்காமலிருக்க ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கமாக 3 மி.மீ. வாட்டம். விளிம்பு கூர் மழுக்கப்பட்டு, 5 செ.மீ. மஞ்சள் பட்டை அடிக்கப்பட்டுள்ளது.

அகலம் 2 மீட்டர். அண்டாவின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவர் ஏறும்போது, இருவருக்கும் வெளிப்பக்கக் கை பிடிமானத்துக்கு வேண்டும். அதற்காகவே இரு பக்கமும் 38 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) குழாய், 1 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி. தாங்கிகள் அடியிலிருந்து வருவதால் கை வழுக்கிக்கொண்டே போகலாம். படிக்கட்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கைப்பிடி 30 செ.மீ. நீள்கிறது, கடைசிப் படியில் கையை விடும் நேரத்தில்தான் தடுமாற்றம் வருகிறது.

விளக்கை எந்த முனையிலிருந்தும் போட்டு அணைக்க, படிக்கட்டின் மேலேயும் கீழேயும் டூ-வே சுவிட்ச். கார்த்திகை, மார்கழியில் ஆரியங்காவு, அச்சன்கோவில் போகும் ஐயப்ப பக்தர்களுக்காக அறிவிப்புப் பலகை மலையாளத்திலும் உண்டு.

இனிப் பராமரிப்பு. படிகள் உறுதியாக, தடையின்றி, வழுக்கும் பொருளின்றி இருக்க வேண்டும் என்றது பழைய தொழிற்சாலைகள் சட்டம், 1948, 32ஆம் பிரிவு. நம் மடைப்பள்ளி தொழிற்சாலை இல்லை. ஆனாலும் அதற்குக் குறைந்த அளவுகோல் நமக்கு ஆகாது. எண்ணெய் சிந்தினால் வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது, பரவும். துடைத்துவிட்டுச் சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் தேய்க்க வேண்டும். சாரல் மாதங்களில் பாசி பிடிக்குமுன் வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிவிட வேண்டும். படியடியில் ஈரச் சாக்கு விரிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆளோடு சேர்ந்து சாக்கும் நழுவும். படிக்கட்டுக்குக் கீழே சிலிண்டர், விறகு, எண்ணெய் டின் எதுவும் வேண்டாம். தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்க இருப்பது இந்த வழி ஒன்றுதான்.

ஒன்று பாக்கி. முதல் படியருகே செருப்புகள் குவிகின்றன. தெற்குச் சுவர் ஓரம் செருப்பு அடுக்கு வைக்க இடம் ஒதுக்கியாயிற்று. உபயம் செய்ய விரும்புவோர் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் அங்கேயே பார்வைக்கு உள்ளன.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்