ஆள் மாறி வந்த இசைத்தட்டு

அன்பு மகளுக்கு,

"வேறொருத்தி விலகியதால்தான் இந்தப் பொறுப்பு எனக்கு வந்ததப்பா" என்று நேற்றுக் குரல் சுருங்கிச் சொன்னாய். தொலைபேசியை வைத்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புத் தட்டை எடுத்தேன். கப்பலில் இருந்த காலத்தில், நீ இப்போது இருக்கும் பிலடெல்பியாவில் கரையிறங்கியபோது பழைய தட்டுக் கடையில் வாங்கியது. சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'இன்னர் சிட்டி புளூஸ்'. "சங்கு ஊதியாகிவிட்டதா?" என்று உன் அம்மா கேட்பாளே, அதேதான்.

1971 செப்டம்பர். நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடம். பாப் ஜேம்ஸ் இசைக்கோப்பை முடித்துவிட்டார். சாக்ஸபோன் ஊத வேண்டிய ஹாங்க் கிராஃபோர்டால் வர முடியவில்லை. அந்த இடத்துக்குத்தான் வாஷிங்டனைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பழகியது டெனர் என்கிற பெரிய சாக்ஸபோன். எழுதி வைத்திருந்ததோ அதைவிடச் சிறிய ஆல்டோவுக்கு. விரல் வைப்பு ஒன்றுதான் என்றாலும் ஊதுவாய் சிறியது, உதட்டுப் பிடியே வேறு. அவர் பெயரில் வந்த முதல் தட்டு அப்படித்தான் பிறந்தது.

பாட்டுகளில் பாதி அந்த ஆண்டுதான் வந்தவை, சூடு ஆறாதவை. பாடகர் மார்வின் கேயின் பாட்டு இரண்டு. பில் வித்தர்ஸின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' ஒன்று. வித்தர்ஸ் அதில் 'எனக்குத் தெரியும்' என்பதை மட்டும் 26 தடவை சொல்லி ஏங்குவார். இரண்டு நிமிடச் சொச்சத்தில் பாட்டு முடிந்துவிடும். வாஷிங்டனிடம் சொல்லே இல்லை, மூச்சுதான். இன்னொரு மெட்டையும் கோத்து எட்டு நிமிடத்துக்கு நீட்டுகிறார். அவசரமே கிடையாது; ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, ரான் கார்ட்டரின் பாஸ் (கனத்த குரலுள்ள தந்தி வாத்தியம்) பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பார். சில இடங்களில் வயலின் கூட்டம் எனக்குச் சர்க்கரை அதிகம். பொறுத்துக்கொள்வேன்.

அதே வித்தர்ஸ், 1980-இல் வந்த 'வைன்லைட்' தட்டில் வாஷிங்டனுக்காகவே வந்து பாடினார்.

உன் ஊரில் வாஷிங்டன் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பு.

பொங்கலுக்கு வரும்போது தட்டை நீயே எடுத்துப் போ. 'சன்ஷைன்' நடுவில் ஊசி ஓரிடத்தில் குதிக்கும். 1994-இல் நீ பம்பரம் விட்ட இடம். இப்போதெல்லாம் குளிக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தால், அந்த இடத்தில் நானும் குதித்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா