இன்னொரு எஞ்சின் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். மான்செஸ்டரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பையனின் விளையாட்டு ரயில் ஓடுவதை எடுத்து நீ அனுப்பிய வீடியோவை நேற்று இரவு முதல் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்துவிட்டேன். மோட்டார் போய்விட்டது என்றும், பையன் அழுகிறான் என்றும், இந்த வாரக் கடைசியில் வேறு எஞ்சின் வாங்கிவிடலாம் என்று இருப்பதாகவும் எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதியைக் கேட்பதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். மோட்டார் போகவில்லை. அந்தச் சிறிய டேங்க் எஞ்சினில் மோட்டாரின் சுழற்சி வார்ம் கியர் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறது. திருகு போன்ற அந்தப் பல்லை மோட்டார் சுற்றினால் சக்கரம் சுற்றும். சக்கரத்தைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. ஆகவே நீ விரலால் லேசாகத் தள்ளியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது என்றால், உன் விரல் மோட்டாரை எழுப்பவில்லை, எஞ்சினைக் கரண்ட் இல்லாத இடத்திலிருந்து கரண்ட் இருக்கும் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

ரயில்வே சிக்னல் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் மேஸ்திரி ஒருவர் எதற்கெடுத்தாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பழுது வண்டியோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா? உன் வீடியோவை அந்தக் கேள்வியோடு பார். எஞ்சின் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. சோபா காலுக்குப் பக்கத்தில் இருக்கும் பாயிண்டில், அதாவது வண்டி தடம் மாறும் இடத்தில், சட்டென்று நின்றுவிடுகிறது. ஜன்னல் பக்கத்து வளைவில் நிற்பதில்லை. ஆனால் மேடு ஏறுவதுபோல வேகம் குறைந்து, கண்ட்ரோலர் (கரண்ட் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) இருக்கும் பக்கம் திரும்பியதும் மறுபடி வேகம் எடுக்கிறது. இவை ஒரே பழுது அல்ல. பாயிண்டில் நிற்பதற்கு எஞ்சினும் ஒரு காரணம். ஜன்னல் பக்கம் தளர்வது முழுக்க முழுக்கத் தண்டவாளத்தின் குறை. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் மோட்டார் மேல் பழி விழுந்தது.

பாயிண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். நான் முப்பத்து நான்கு வருடம் பார்த்த டிராக் சர்க்யூட்டும் உன் மகனின் விளையாட்டு ரயிலும் ஒரே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துகின்றன. நிஜத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்களுக்கு (தண்டவாளக் கம்பிகளுக்கு) இடையே சிறிய மின்னழுத்தம் கொடுத்து மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் ஒன்றை இழுத்து வைத்திருப்போம். வண்டி உள்ளே வந்ததும் அதன் இரும்பு அச்சு இரண்டு ரயில்களையும் இணைத்துவிடுவதால் ரிலே விழுந்து, ‘இங்கே வண்டி இருக்கிறது’ என்று சொல்லும். வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டின் மேல்தான் உலகத்தில் எத்தனையோ சிக்னல்கள் இன்னும் நிற்கின்றன. பொம்மை ரயிலில் அச்சு அப்படி இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒரு பக்கச் சக்கரம் மறுபக்கச் சக்கரத்தைத் தொடாதபடி பிளாஸ்டிக் வைத்துப் பிரித்திருப்பார்கள். ஆனால் நோய் இரண்டுக்கும் ஒன்றே. நான் பார்த்த பகுதியில் வண்டி அபூர்வமாகவே போகும் ஒரு லூப் லைனில் (பக்கத் தடத்தில்) துரு படிந்து, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ரிலே எழுந்து ‘யாரும் இல்லை’ என்று சொன்னதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று இரவு வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. சக்கரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு தாள் அளவு அழுக்கு இருந்தால் போதும், நூறு டன் எடையும் அதை வெல்லாது. உன் எஞ்சினின் எடை ஒரு மாம்பழம் அளவுகூட இருக்குமா என்பது சந்தேகம்.

நீ வாங்கியிருக்கும் பாயிண்டில் இரண்டு தண்டவாளக் கம்பிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் கிராசிங் மூக்கு கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆனது. அந்தச் சிறு துண்டில் கரண்ட் கிடையாது. குழந்தைகள் தொகுப்புகளில் ஷார்ட் ஆகாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். மூன்று அச்சுள்ள எஞ்சின் அதைத் தாண்டும்போது ஓர் அச்சு பிளாஸ்டிக்கில் இருந்தால் மற்ற இரண்டும் உலோகத்தில் நின்று கரண்ட் எடுத்துக்கொடுக்க வேண்டும். உன்னுடையது நின்றுவிடுகிறது என்றால், ஆறு சக்கரங்களில் ஏதோ ஒன்றிரண்டுதான் வேலை செய்கின்றன, மற்றவை சும்மா உருள்கின்றன என்று பொருள். எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்து, சக்கரங்களின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய பித்தளை நிறத் தகடுகளைப் பார். கார்ப்பெட் மேல் ஓட்டுவதால் ஒவ்வொரு அச்சிலும் நூலும் முடியும் சுற்றியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதில் உன் முடியும் இருக்கும். கூர்மையான இடுக்கியால் அதைப் பொறுமையாக எடு. தகடு சக்கரத்தைத் தொடாமல் விலகி நின்றால், பல்குச்சியால் மயிரிழை அளவு உள்ளே தள்ளு. அதிகம் அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

பிறகு சக்கரத்தைத் துடைக்க வேண்டும். மருந்துக் கடையில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள். ஒரு துண்டு டிஷ்யூ தாளை அதில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடு. எஞ்சினின் முன் சக்கரங்கள் ஈரத்தாளின் மேலும் பின் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்தின் மேலும் இருக்கும்படி கையால் பிடித்துக்கொண்டு, கண்ட்ரோலரைப் பாதி திருப்பு. பின் சக்கரங்கள் கரண்ட் எடுக்க, முன் சக்கரங்கள் தாளின் மேல் சுழன்று தம்மைத் தாமே தேய்த்துக்கொள்ளும். தாளில் இரண்டு கருங்கோடுகள் விழும். பிறகு எஞ்சினைத் திருப்பிப் பிடித்துப் பின் சக்கரங்களுக்கும் அதையே செய். திருப்பியதும் எஞ்சின் அசையவே இல்லை என்றால் கரண்ட் எடுக்காத அச்சுகள் எவை என்பதும் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். அந்தத் திரவம் சீக்கிரம் தீப்பிடிக்கும். சக்கரத்தில் பொறி பறப்பது சகஜம் என்பதால் தாள் சொட்டச் சொட்ட நனையக் கூடாது, புட்டியை மூடி எட்ட வைத்த பிறகுதான் கண்ட்ரோலரைத் தொட வேண்டும். பையன் கையில் அந்தப் புட்டியைக் கொடுக்காதே.

தண்டவாளத்தையும் அதே திரவத்தால் பருத்தித் துணி கொண்டு துடைத்தால் போதும். உப்புக் காகிதம் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த மாதத்து அழுக்கு குடியேறும். நம் மொட்டை மாடி அறையில் இருக்கும் பொம்மை ரயில் லேஅவுட்டில் பல்லி எச்சத்தை நான் உப்புக் காகிதத்தால் தேய்த்து எடுத்த இடம் இன்றைக்கும் தொல்லை தரும் இடம். மலைக்குகைக்குள் பல்லி முட்டையிட்டிருந்ததை நீ கண்டுபிடித்து, குஞ்சு பொரிக்கும்வரை ஒரு வாரம் ரயில் போக்குவரத்தை நிறுத்தி வைத்தாயே, நினைவிருக்கிறதா?

ஜன்னல் பக்கத்துத் தளர்ச்சிக்கு வருகிறேன். கரண்ட் உள்ளே வருவது ஒரே ஓர் இடத்தில். அங்கிருந்து மறுகோடிக்குப் போக ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே உள்ள ஃபிஷ் பிளேட் என்னும் இணைப்புத் தகட்டைத் தாண்ட வேண்டும். கார்ப்பெட் மெத்தென்று அமுங்குவதால், யாராவது பக்கத்தில் நடந்தாலே அந்த இணைப்புகள் நெகிழ்ந்துகொண்டிருக்கும். மாப்பிள்ளையிடம் மல்டிமீட்டர் இருக்கிறது அல்லவா? எஞ்சின் இல்லாமல் அளந்து ஏமாந்துவிடாதீர்கள். கரண்ட் பாயாதபோது எல்லா இடத்திலும் ஒரே வோல்டேஜைத்தான் மீட்டர் காட்டும். எஞ்சின் ஜன்னல் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது, கண்ட்ரோலர் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு தடவையும் ஜன்னல் பக்கத்தில் ஒரு தடவையும் அளக்கச் சொல். இரண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒவ்வோர் இணைப்பாக நெருங்கி வந்து எந்த இடத்தில் அது தாவுகிறது என்று பார்க்கலாம். தளர்ந்த ஃபிஷ் பிளேட்டைக் கழற்றி இடுக்கியால் மெல்ல நெரித்துப் போட்டால் சரியாகிவிடும். அதைவிட நிரந்தரமான வழி, முழுவதையும் ஒரு பலகையின் மேல் ஏற்றி, ஜன்னல் பக்கத்துக்குத் தனியாக ஒரு ஜோடி வயர் கொண்டுபோவது. வெளிப்பக்கத் தண்டவாளக் கம்பிக்குப் போவது சிவப்பு என்றால் இரண்டு இடத்திலும் அதுவே சிவப்பாக இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஷார்ட்.

வீடியோவின் கடைசியில் மூன்றாவது வேகன் பாயிண்டில் துள்ளிக் கீழே விழுகிறது. ‘மெதுவாகத் திருப்பு என்று எத்தனை தடவை சொல்வது’ என்று நீ பையனை அதட்டுவதும் கேட்கிறது. அந்த இடத்தைத்தான் நான் அதிகம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அம்மா. 1997-இல் உன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நீல டீசல் எஞ்சின் யார்டு பாயிண்டில் தடம் புரளும்போதெல்லாம், நீ பாயிண்டை நேரம் தவறி மாற்றுகிறாய் என்று நான் உன்னைத் திட்டினேன். ஒருநாள் கண்ட்ரோலரை உன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். அதன் பிறகு நீ மாடிக்கு வருவதே குறைந்துபோயிற்று. நீ கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் கழித்து அந்த எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்யும்போது, வெர்னியர் வைத்து அளந்து பார்த்தால் இரண்டாவது அச்சின் சக்கரங்கள் இருக்க வேண்டியதைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் நெருங்கியிருந்தன. எந்த நேரத்தில், யார், எவ்வளவு நிதானமாகப் பாயிண்டை மாற்றியிருந்தாலும் அது விழுந்தேதான் இருக்கும். அச்சை அன்றே சரிசெய்துவிட்டேன். உனக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்து, இத்தனை வருடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஆகவே பையனைச் சொல்வதற்கு முன் அந்த வேகனின் சக்கரங்களை அளந்துவிடு. அங்கே நீங்கள் ஓட்டுவது ஓஓ அளவு; நிஜ வண்டியின் ஓர் அடிக்கு இங்கே 4 மில்லிமீட்டர், தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு இடையே ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் இரு சக்கரங்களையும் பிடித்து லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் நகரும். வேகனுக்குத்தான் இது, எஞ்சினின் சக்கரங்களை அப்படித் திருகாதே. சக்கரங்களை இணைக்கும் இரு பக்கத்துக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகி இருக்கும்படி அவற்றைப் பொருத்தியிருப்பார்கள். அந்தக் கோணம் சற்றுப் பிசகினாலும் எஞ்சின் நொண்டத் தொடங்கும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஓட்டம் கரகரவென்று இருந்தால், அப்போது எண்ணெய். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய் என்று கேட்டு வாங்கு. தையல் ஊசி முனையில் தொட்டு, அச்சு உட்காரும் இடத்தில் மட்டும் வை. தாராளமாக விட்டால் அது சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்கு இறங்கி, நீ துடைத்ததெல்லாம் வீணாகிவிடும். மோட்டாரை மட்டும் பிரிக்காதே. பிரிக்க வேண்டிய நிலை வந்தால் எனக்கு எழுது.

டிஜிட்டலுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. டிஜிட்டலில் ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்னும் சிறு மூளை உட்கார்ந்து தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். அழகான ஏற்பாடுதான், ஆனால் அழுக்குத் தண்டவாளத்தில் மோட்டாரோடு சேர்ந்து அந்த மூளையும் தடுமாறும். டிகோடர் இல்லாத உன் இப்போதைய எஞ்சினை டிஜிட்டல் தண்டவாளத்தில் வைத்தால் ரீங்கரிக்கும், நின்ற இடத்திலேயே சூடேறி மோட்டார் நிஜமாகவே போய்விடக்கூடும். இன்னொன்று, பையன் சீக்கிரமே வண்டி போன வழியிலேயே திரும்பி வரும்படி ஒரு வளையம் போட ஆசைப்படுவான். இரண்டு தண்டவாள முறையில் அது நேரே ஷார்ட்; பிளஸ் கம்பி சுற்றி வந்து மைனஸில் முட்டும். 1938-இல் வந்த பழைய ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயிலில் நடுவே மூன்றாவது தண்டவாளக் கம்பி ஒன்று இருந்ததால் அவர்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்லிக்கொடு. மணிக்கு 60 மைல் போகும் நிஜ வண்டியை உங்கள் அளவுக்குச் சுருக்கினால் அது ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி எடுக்கும். அவனையே ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கச் சொல். அவன் இப்போது ஓட்டுவது ராக்கெட்.

முதலில் கண்ட்ரோலர் பக்கத்து வோல்டேஜ், ஜன்னல் பக்கத்து வோல்டேஜ், அந்த மூன்றாவது வேகனின் இரண்டு அச்சுகளின் அளவு, இந்த நான்கு எண்களை மட்டும் எழுதி அனுப்பு. அதுவரை புது எஞ்சின் வாங்காதே.

அன்புடன்,
அப்பா