விசிறி குடித்த தண்ணீர்

மதுரை, திருநகர்

அன்பு மகள் கயலுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கடல்தண்ணீர்த் தொட்டியில் கல்லில் ஒட்டி வாழும் பூ மாதிரியான அந்தப் பிராணி, அனிமோனின் விரல்களில் பழுப்பு போய் வடிகஞ்சி நிறம் வந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஆனால் உள்சதை வெளியே தள்ளவில்லை. பாதமும் கல்லை விடவில்லை. இந்த இரண்டும் இருக்கிறவரை பிழைக்க வைக்கலாம், தாயி.

நீ எழுதிய அளவுகளில் கண்ணை உறுத்துவது உப்பைக் காட்டும் அடர்த்தி எண், 1.029. வேண்டியது 1.025. திண்டுக்கல் வெயிலுக்குத் தொட்டி மேல் விசிறி மாட்டியது சரிதான். சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் விசிறி இழுத்துக்கொண்டு போவது தண்ணீரை மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும், ரசம் சுண்டினால் கரிக்கிற மாதிரி. குறைந்த தண்ணீருக்கு நீ உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறாய். ஆவியானதற்கு ஈடாக வெறும் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் மார்க்கர் கோடு ஒன்று போட்டுவை. காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்று.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கிவிடாதே. உன்னுடையது 100 லிட்டர் தொட்டி. தினம் மூன்று லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, மூன்று லிட்டர் ஆர்ஓ தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடு. நாளுக்குச் சுமார் 0.001 குறையும், நாலைந்து நாளில் சரியாகும். அதற்கு முன்னால் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். மீட்டரே தப்புக் காட்டினால் நாம் செய்வதெல்லாம் தப்பாகப் போகும்.

இன்னொன்று, வீட்டு ஆர்ஓ என்றால் சுத்தம் என்று நினைக்காதே. குடிக்க ருசி வேண்டும் என்று அதில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலக்கிற திருகு இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கும் டிடிஎஸ் பேனா 60, 80 காட்டினால் அது நமக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்து 5க்குக் கீழே கொண்டு வா. செம்புக் குடத்தில் பிடிக்கவே பிடிக்காதே. செம்பு அனிமோனுக்கு விஷம். மாப்பிள்ளை மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு வாங்கி வைத்த மருந்திலும் செம்பு இருக்கலாம், லேபிளைப் பார்க்கச் சொல். அதை ஒருமுறை தொட்டியில் விட்டால் கல்லும் மணலும் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கக்கும்.

நிறம் போனது ஏனென்றால், சதைக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் சாப்பாடு செய்து கொடுத்த பாசியை அது வெளியேற்றிவிட்டது. அதற்காக விளக்கைக் கூட்டாதே, வெளுத்த சதை கருகிவிடும். எல்இடியைப் பாதியாகக் குறைத்து எட்டு மணி நேரம் எரியவிடு. வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்று. பழுப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

அதுவரை கையால்தான் ஊட்ட வேண்டும். உப்பு சரியாகி வாய் மூடிய பிறகு ஆரம்பி. பச்சை இறால், மஞ்சள் உப்பு படாதது, துவரம்பருப்பு அளவு, வாரம் இரண்டு தடவை போதும். தொட்டியில் அலை கிளப்பும் வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு இடுக்கியால் விரலில் தொட்டு வை. அனிமோனோடு இருக்கும் உன் கோமாளி மீன் நீமோ பிடுங்க வரும்; தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியைக் கழற்றி, அனிமோன் மேல் கவிழ்த்துவிடு. துண்டு பெரிதானால் ராத்திரி பழுப்புச் சளியோடு கக்கிவிடும். அதை உறிஞ்சி எடுக்காமல் விட்டால் அம்மோனியா ஏறும்.

நடுநடுவே சில மணி நேரம் வற்றிக் கிடந்தால் பயப்படாதே, கழிவை வெளியேற்றுகிறது. நகர ஆரம்பித்தால், உள்ளே இழுபட்டுவிடாமல் வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்ச் உறை போடு. கல்லிலிருந்து மட்டும் பிய்த்துவிடாதே, பாதம் கிழிந்தால் தேறுவது கஷ்டம். சதை கரைந்து நூல் நூலாகப் போய், அழுகிய நாற்றம் வந்தால் யோசிக்காமல் எடுத்துவிடு. இல்லையென்றால் நீமோவும் போகும்.

கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் 20 என்று எழுதியிருந்தாய். அதை இப்போது தொடாதே, உப்பு இறங்கட்டும்.

நாளையிலிருந்து மீட்டர் என்ன காட்டுகிறது என்று தினம் ஒரு வரி அனுப்பு.

அப்பா