காலி மனையெல்லாம் பதுக்கல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைப் புறநகரில் சும்மா கிடக்கும் மனைகளுக்குக் காலிமனை வரியைப் பல மடங்கு உயர்த்த வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். பூந்தமல்லியில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) வாங்கிப் போட்டு, இருபது ஆண்டுகளாகக் கருவேல முள் வெட்டிக்கொண்டிருப்பவன் நான். எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

2005-இல் பக்கத்து மனைக்காரர் கடன் வாங்கி, ஒரு மாடிக்குக்கூடத் தாங்காத அஸ்திவாரத்தில் 900 சதுர அடி வீடு கட்டினார். அப்போது தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 1.5. ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி எழுப்பலாம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் அதை 2 ஆக்கின, இப்போது 4,800. மெட்ரோ தூண்களும் வந்துவிட்டன. அவர் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் மனைக்கு மட்டுமே விலை பேசுகிறார்கள், இடிக்கும் செலவையும் அதில் கழித்துக்கொண்டு. அவருக்கு இருபது ஆண்டு வாடகை மிச்சம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது என் கையை விட்டுப் போனது.

கட்டியதைப் பிரித்து மனையாக்க முடியாது. கட்டாத மனையில் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். நாளைய நிலவரம் தெரியாதவரை இந்த உரிமைக்கே ஒரு விலை உண்டு. ஷெரிடன் டிட்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1985-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கண்ட இன்னொன்று வேடிக்கையானது: கட்டட உயரத்துக்கு அரசு வரம்பு விதித்தால் அந்தப் பகுதியில் கட்டுமானம் குறைவதற்குப் பதில் கூடவும் கூடும். எத்தனை மாடி என்ற குழப்பம் தீர்ந்துவிடுகிறதே!

எங்கள் குழப்பம் மாடியில் இல்லை, தெருவில் இருக்கிறது. அகலப்படுத்தப்போவதாகப் பத்து ஆண்டுகளாகப் பேச்சு. செய்தால் என் மனையின் முன்பக்கம் ஐந்தடி போகும். செய்யாவிட்டால், தெரு குறுகல் என்பதால் நான் நினைத்த அளவுக்குக் கட்ட அனுமதி கிடைக்காது. எதை நம்பி வரைபடம் போடுவது?

இந்த நிலையில் வரியை ஏற்றினால், நூறு ஏக்கர் வைத்திருப்பவர் வரியைச் செலுத்திவிட்டுப் போவார். என்னைப் போன்றவர்கள் நாலு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நிறுத்திக் கட்டடம் என்று கணக்குக் காட்டுவோம். ஒரு வீடுகூட அதிகமாகாது.

2027 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்), எங்கள் தெரு எத்தனை அடி என்பதை உறுதியாகப் போடச் சொல்லி எழுதுங்கள். மறு மாதமே கொத்தனாரைக் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பூந்தமல்லி