உன் சிங்கப்பூர் அத்தியாயம் பற்றி

அன்பு மகள் மலருக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பத்திரிகைகளும் வாக்காளர்களும் பற்றிய உன் ஆய்வில் நீ அனுப்பிய அத்தியாயங்களை நிதானமாகப் படித்து முடித்தேன்.

அமெரிக்காவின் சின்சினாட்டி போஸ்ட் பத்திரிகை 2007 கடைசியில் மூடப்பட்ட பிறகு, அதை நம்பியிருந்த கென்டக்கி ஊர்களில் தேர்தலில் நிற்க வந்தவர்களும் வாக்களித்தவர்களும் குறைந்துபோனார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது மனதை விட்டுப் போகவே இல்லை.

சிங்கப்பூர் பகுதியில் 1974 பத்திரிகைச் சட்டத்தை மழுப்பாமல் சொல்லியிருக்கிறாய். ஆண்டுதோறும் உரிமம், இயக்குநரையோ ஊழியரையோ நியமிக்க, நீக்க நடக்கும் வாக்கெடுப்பில் அரசு ஒப்புதல் பெற்றவர்கள் மட்டுமே வைத்திருக்கக்கூடிய நிர்வாகப் பங்கு ஒன்றுக்கு 200 வாக்கு. அதில் ஒரு வரியும் குறைக்காதே. ஆனால் உன் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதுதான் எனக்கு மனக்குறை.

சிங்கப்பூரின் தமிழ் நாளிதழ் தமிழ் முரசு 1935இல் வந்தது. அன்று அதை வாசித்தவர்களில் பலர் பிழைக்க வந்தவர்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவதுதான் அவர்கள் நினைப்பு. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பதிந்துகொள்ளுங்கள், இதுதான் இனி நம் நாடு என்று முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர்களை வலியுறுத்தினார். 1959 தேர்தலில் குடிமக்களுக்குத்தான் வாக்கு. வாக்களிப்பதும் அப்போது கட்டாயமாகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உன் தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. பெரியப்பா முரசைப் படித்துக் காட்டித்தான் அவர் விண்ணப்பமே போட்டார்.

பத்திரிகை மூடினால் வாக்காளர் என்ன ஆகிறார் என்று உங்கள் துறையில் அளக்கிறார்கள். குடியுரிமை இல்லாதிருந்தவர்களை ஒரு சின்னப் பத்திரிகை வாக்காளர் ஆக்கியதை யார் எழுதுவது? ஆங்கில ஆவணம் மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. நீ தமிழ் படித்த பிள்ளை, நீதான் எழுதவேண்டும்.

முரசு சொல்லித்தான் பதிந்தார்கள் என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்பாய். சரிதான், அரசாங்கமும் அப்போது பெரிய பதிவு இயக்கம் நடத்தியது. அதையும் சேர்த்தே எழுது. பழைய இதழ்கள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வேண்டியதைச் சொல், நான் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்புகிறேன்.

அப்புறம், பெரியப்பாவுக்கு 88 வயது ஆகிறது. கோப்பிக்கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். டிசம்பரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. காலையில் கூப்பிடு, அப்போதுதான் காதுக் கருவியை மாட்டிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அப்பா