ஒரே கோப்பை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பன் வட்டாரத்தில் விடுமுறை முகாம் நடத்தும் நம் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. காற்றுத் துப்பாக்கிப் பயிற்சியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு மட்டும் கோப்பை என்றால், இரண்டாம் நாளே பாதிப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். படிப்படியாக பேட்ஜ் கொடுங்கள்.

முதல் பேட்ஜ் பாதுகாப்புக்கு: குழல் இலக்குப் பக்கமே இருக்கவேண்டும், சுடும் வரை விரல் விசைக்கு வெளியே.

இரண்டாவதில்தான் பலர் தவறுகிறார்கள். அதற்குப் புள்ளி எண்ணவே வேண்டாம். 10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டி அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். புதுப்பிள்ளையிடம் அதைக் கேட்பது அநியாயம். படுத்த நிலையில் ஐந்து குண்டு. அட்டையில் எங்கே விழுந்தாலும் சரி, ஐந்து துளையையும் ஓர் ஐந்து ராண்ட் நாணயம் மூடினால் பேட்ஜ். துளைகள் நெருங்கி விழுந்தபின், குறிபார்க்கத் துப்பாக்கிமேல் இருக்கும் குறிகாட்டியை நாம் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முன் புள்ளி கேட்டால், ஒவ்வொரு குண்டுக்கும் பிள்ளை குறியை மாற்றும், துளைகள் சிதறும். விசையை வெடுக்கென்று இழுத்தால் வலக்கைக்காரருக்குக் குண்டு பெரும்பாலும் கீழே வலப்பக்கம் போகும். மூச்சை நெடுநேரம் அடக்கினால் பார்வை மங்கும். எதுவும் சரிவரவில்லையா, ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கையில் மூளை முதலில் நம்பும் கண், எது என்று பாருங்கள்.

ஒரு அட்டை அதிர்ஷ்டமாக இருக்கலாம்; மூன்று அட்டை கேளுங்கள். ஆறு துளை இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் குண்டு, அட்டை செல்லாது. மூன்றாவது பேட்ஜுக்குப் புள்ளி வரட்டும்.

பேட்ஜை அன்றன்றே கொடுங்கள், கைகழுவிய பிறகு. குண்டு ஈயம், அடுத்தது சாப்பாட்டு நேரம்.

— ஒரு பயிற்றுநர், சாட்ஸ்வர்த்