‘திருத்தாத படம்’ என்று ஒன்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எடுத்த கட்டடப் படங்களுக்கும் வெளிப்புறக் காட்சிகளுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த விதிமுறைகளில் ‘கணினியில் எந்தத் திருத்தமும் செய்யாத படங்கள் மட்டுமே ஏற்கப்படும்’ என்ற வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். பல வருடங்களாகக் கட்டடங்களைப் படம் எடுத்துவருபவன் என்பதால், ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், திருத்தாத படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார் தருவது வெறும் எண்கள். அதை நாம் பார்க்கக்கூடிய படமாக மாற்றும்போது நிறம் எவ்வளவு, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) எவ்வளவு, கூர்மை எவ்வளவு என்று யாராவது ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும். ஜேபெக் என்ற வழக்கமான படக் கோப்பாக எடுத்தால் அந்த முடிவைக் கேமராவே எடுத்துவிடுகிறது. சென்சார் தந்த எண்களை அப்படியே வைத்திருப்பது ரா கோப்பு; 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளி அளவுகளுக்கு இடம் இருக்கும், அது ஜேபெக் ஆகும்போது ஒரு நிறத்துக்கு 256 அளவுகளாகச் சுருங்கிவிடும், மிச்சம் போனது போனதுதான், திரும்ப வராது. செல்போன் இன்னும் ஒரு படி மேலே. நாம் ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, ஒரே படமாகக் கையில் கொடுக்கிறது. ஆக உங்கள் விதி உண்மையில் சொல்வது என்னவென்றால், அந்த இடத்தைப் பார்த்தே இராத ஒரு இயந்திரம் திருத்தலாம், அங்கே போய் நின்று கண்ணால் பார்த்தவர் திருத்தக் கூடாது என்பதுதான். இது நியாயமா, சொல்லுங்கள்.

கட்டடப் படங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். உயரமான ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று கேமராவை மேலே சாய்த்தால், இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக நெருங்கிக்கொண்டே போய், கட்டடமே பின்னால் மல்லாந்து விழுவது மாதிரி இருக்கும். நேரில் நிற்கும்போது நம் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை, சுவர் நேராகத்தான் நிற்கிறது என்று மூளை சரிசெய்துகொள்கிறது. பழைய பெரிய கேமராக்களில் லென்ஸ் தட்டை மட்டும் மேலே உயர்த்திப் படச்சட்டத்தைக் கட்டடத்துக்கு இணையாக வைத்துவிடுவார்கள், பிற்பாடு அதே வேலைக்கு, தனியாக நகர்த்தக்கூடிய ஷிப்ட் லென்ஸ் வந்தது. அந்த லென்ஸின் விலையை எல்லோராலும் கொடுக்க முடியாது. இன்றைக்கு லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளிலோ, காசே இல்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளிலோ, ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் ஏறக்குறைய அதே காரியம் நடந்துவிடுகிறது. லென்ஸால் நிமிர்த்தினால் செல்லும், மென்பொருளால் நிமிர்த்தினால் செல்லாது என்றால், விதி யாருடைய பக்கம் நிற்கிறது?

இந்த நிமிர்த்தும் வேலையைப் புதிதாகச் செய்பவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன். ஒன்று, படத்தை நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே கட்டடத்தைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்துத் தூண் பாதியில் போய்விடும். இரண்டு, மேல்பகுதி இழுபடுவதால் அங்கே கூர்மை குறையும், கட்டடத்தின் உயரமும் அகலமும் அசலைவிட மாறித் தெரியும், ஆகவே நிமிர்த்திய பிறகு உயர அகல விகிதத்தை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சன்னல்கள் சதுரமாக இருந்தால் அவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதுதான் முக்கியம். மிக அருகில் நின்று எடுத்த கோபுரத்தைச் சுத்தமாக நூல் பிடித்த மாதிரி நிமிர்த்தினால் தலை பெருத்து, மேலே அகலமாக விரிவது போல ஒரு உறுத்தல் வரும். துளியளவு சாய்வை அப்படியே விட்டுவிடுங்கள், பார்க்கிறவர்கள் அதைச் சாய்வாகவே உணர மாட்டார்கள். அப்புறம், நிமிர்த்துவதற்கு முன்னால் அந்த லென்ஸுக்கான திருத்தக் குறிப்பை (லென்ஸ் ப்ரொபைல்) மென்பொருளில் போட்டு வளைந்த கோடுகளை நேராக்கிவிட வேண்டும், வளைவு இருக்கும்வரை எவ்வளவு இழுத்தாலும் சுவர் நேராக வராது.

அடுத்து வானம். வெளிப்புறப் படம் எடுக்கும் எல்லோருக்கும் தீராத தலைவலி இதுதான். கட்டடத்துக்கு வெளிச்சம் பார்த்தால் வானம் வெளுத்துப்போகும், வானத்துக்குப் பார்த்தால் கட்டடம் இருண்டுபோகும். இது இன்றைய பிரச்சினையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் படத்தட்டுகள் நீல ஒளியை மட்டுமே அதிகமாக வாங்கிக்கொண்டதால் வானம் எப்போதும் வெள்ளைத்தாள் மாதிரிதான் விழுந்தது. 1850களிலேயே குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். அதற்கும் முன்னால் 1851இல் பிரான்ஸ் அரசு தன் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய ஐந்து புகைப்படக்காரர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான எதுவார் பால்தூஸ், ஆர்ல் நகரத்து மடாலயத்தின் தாழ்வாரத்தை ஒரே நெகட்டிவில் அடக்க முடியாமல், பல நெகட்டிவ்களை வெட்டி ஒட்டி ஒரே படமாக்கினார். அரசாங்க ஆவணத்துக்கே அப்படித்தான் செய்தார்கள். இன்றைக்கு நாம் முக்காலியில் கேமராவை வைத்து, ஒன்று சரியான அளவில், அடுத்தது வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் கூட்டி (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்), இன்னொன்று இரண்டு ஸ்டாப் குறைத்து என்று மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதும் அதே வழிதான்.

ஆனால் சேர்க்கும்போது கை தாராளமாகிவிடக் கூடாது. கட்டடத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம், நிழலே இல்லாத தாழ்வாரம், மேகமெல்லாம் கரி பூசின மாதிரி, இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துச் சலித்துத்தான் நீங்கள் அந்த விதியைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. நிழல் இருப்பதால்தான் ஒரு தூண் உருண்டையாகத் தெரிகிறது, நிழலை முழுக்கத் துடைத்தால் தூண் தட்டையாகிவிடும். பெரும்பாலான படங்களுக்கு இப்படி மூன்று படங்களைச் சேர்க்கும் வேலைகூடத் தேவையில்லை. ஒரே ரா கோப்பில் வெளிச்சமான இடங்களை (ஹைலைட்) கொஞ்சம் இறக்கி, நிழல்களை (ஷேடோ) அதைவிடக் குறைவாக ஏற்றி, ஒளி அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இரண்டு ஓரத்திலும் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிறத்திலும் அப்படித்தான். புல்லும் மரமும் சோர்வாகத் தெரிகிறதே என்று எல்லா நிறங்களின் அடர்த்தியையும் (சாச்சுரேஷன்) ஏற்றுவார்கள், உடனே பச்சை கண்ணைக் குத்தும். பச்சையை மட்டும் தனியாகப் பிடித்து லேசாக மஞ்சள் பக்கம் தள்ளி, அதன் அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள், வெயிலில் நிற்கும் இலை மாதிரி வந்துவிடும். சாயங்காலம் சூரியன் மறைந்து வானம் கருநீலமாகும் நேரத்தில் எடுத்த கட்டடத்துக்கு ஒரே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) போதாது, உள்ளே எரியும் மஞ்சள் விளக்கு ஏறக்குறைய 3,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), வெளி வானம் அதைவிட மிக அதிகம். இரண்டையும் தனித்தனியாகக் கொஞ்சம் சரிசெய்யலாம், ஆனால் மஞ்சளை முழுக்க வெள்ளையாக்கிவிட்டால் அந்த நேரத்தின் அழகே போய்விடும்.

சரி, எல்லாத் திருத்தமும் சரியா என்றால், இல்லை. அதில் நான் உங்களைவிடக் கறாரானவன். 1982 பிப்ரவரி இதழின் அட்டையில் நேஷனல் ஜியாக்ரபிக், செங்குத்தான அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் எகிப்தின் கீசா பிரமிடுகளைப் படத்தில் நெருக்கமாக நகர்த்தி வைத்தது. போட்டோஷாப் 1990இல்தான் விற்பனைக்கு வந்தது, அதற்கு எட்டு வருடம் முன்பே இது நடந்துவிட்டது. அதைத்தான் செய்யக் கூடாது. இன்றைக்கு ஒரே சொடுக்கில் வேறொரு நாளின் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடலாம். அப்போது மேகத்தில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும், கட்டடத்தின் நிழல் வேறு பக்கம் விழும். கட்டடத்தின் குறுக்கே போகும் மின்கம்பியை அழிப்பதையும் நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அது அங்கே இருக்கிறது. சென்சாரில் ஒட்டிய தூசியால் வானத்தில் விழுந்த புள்ளியை அழிப்பது வேறு, அது அங்கே இருந்ததே இல்லை. ‘அது அங்கே இருந்ததா’ என்ற இந்த ஒரு கேள்வியை வைத்தே முக்கால்வாசித் திருத்தங்களைப் பிரித்துவிடலாம்.

நடுவில் மாட்டிக்கொள்கிற சில உண்டு. கூட்டம் நிறைந்த இடத்தில் முக்காலி போட்டு இருபது முப்பது படம் எடுத்து, மென்பொருளில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலை மதிப்பு (எல்லாப் படங்களின் அளவுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுக்கச் சொன்னால், நடமாடுகிறவர்கள் எல்லோரும் மறைந்து கட்டடம் மட்டும் நிற்கும். இது பொய்யா? 1838இல் புகைப்படக்கலையின் முன்னோடி தாகேர் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்தபோது ஒளியை வாங்கும் நேரம் (எக்ஸ்போஷர்) நிமிடக்கணக்கில் நீண்டதால் போகிற வருகிறவர்கள் யாருமே பதியவில்லை, செருப்புக்குப் பாலிஷ் போட அசையாமல் நின்ற ஒருவர் உருவம்தான் தெளிவாக விழுந்தது. அங்கே யாரும் எதையும் அழிக்கவில்லை. என்னைக் கேட்டால் இம்மாதிரிப் படத்தை அனுமதிக்கலாம், ஆனால் எப்படி எடுத்தது என்று படத்தின் கீழே ஒரு வரி இருக்க வேண்டும்.

செய்திப் படங்களுக்கு விதி இறுக்கமாக இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. 2015இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம் என்று தனக்குப் படம் தரும் சுயேச்சைப் புகைப்படக்காரர்களிடம் சொல்லிவிட்டது, வேகமும் நம்பகமும் வேண்டிய இடத்தில் அது பொருந்தும். ஞாயிறு இணைப்பில் வரும் ஒரு படிக்கட்டுப் படத்துக்கு அது எதற்கு?

அதனால் உங்கள் விதியை இப்படி மாற்றிப் பாருங்கள். வெளிச்சம், நிறம், சாய்வு, லென்ஸ் வளைவு, தூசிப் புள்ளி ஆகியவற்றைச் சரிசெய்யலாம், இருந்ததை எடுக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது, தேர்வாகும் படத்துக்கு மூலக் கோப்பையும் அனுப்ப வேண்டும். வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற பத்திரிகைப் படப் போட்டியில் இறுதிச் சுற்றுகளுக்கு வரும் படங்களுக்கு மூலக் கோப்பை வாங்கி ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். உங்களுக்கு வாரம் ஏழெட்டுப் படங்கள்தானே, பார்த்துவிடலாம்.

இன்னொன்று. செய்தித்தாள் மையை உறிஞ்சும், அதனால் அச்சுப் புள்ளிகள் பரவி இருண்ட இடங்கள் இன்னும் இருண்டுபோகும். போன வாரம் வெளிவந்த தாழ்வாரப் படத்தில் பின்னால் இருந்த கதவே காணாமல் போயிருந்தது, எடுத்தவர் நிச்சயம் வருத்தப்பட்டிருப்பார். அச்சுக்குப் போகும்முன் நிழல்களைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், அல்லது வாசகர்களையே அப்படி அனுப்பச் சொல்லுங்கள். என்னுடைய படிக்கட்டுப் படம் ஒன்றின் மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கட்டடங்களைப் படம் எடுக்கும் ஒரு வாசகன்